மூச்சுக்கு முன்னால் இருக்கை

திருவிடைமருதூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. என் மூட்டுவலி வரவும் இல்லை, போகவும் இல்லை, கூடவே இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், உன்னிடம் பாட்டு கற்கும் பெண்ணுக்கு மேல் ஸ்தாயிக்குப் போனால் தம் போதவில்லை, அரைமணி நேரத்தில் கழுத்து வலியும் வந்துவிடுகிறது, மூச்சுப் பயிற்சி ஏதேனும் சொல் என்று கேட்டாய். பேச்சு வழக்கம்போல் நம் குருநாதர் வீட்டுத் திண்ணைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டதால், கேட்டதற்கு விடையை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளாக நாயனம் என்னும் நாகசுரம் கற்க வந்த பிள்ளைகளிடம் "நிமிர்ந்து உட்கார்", "மூச்சை நன்றாக இழு" என்ற இரண்டையே திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். நிமிரச் சொன்னால் பையன் நெஞ்சை முன்னே தள்ளி, இடுப்பை உள்வாங்கி, விறைத்துக்கொள்வான். இழுக்கச் சொன்னால் தோள்கள் காது வரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், காற்றோ மேல் மார்போடு நின்றுவிடும். அப்படி விறைத்தே வாசித்த ஒரு பையனுக்கு விரல் சுத்தமாகப் பேசும்; ஆனால் கழுத்துவலி தாளாமல் நாயனத்தை உறையில் கட்டி வைத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சோம்பல் என்று அன்று அவனைத் திட்டியது இன்றும் உறுத்துகிறது.

என் மூட்டைப் பார்த்த கும்பகோணத்து இயன்முறை மருத்துவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் மூச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை; பிள்ளைகள் எதன் மேல், எப்படி உட்காருகிறார்கள் என்றுதான் கேட்டார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைப் பார்த்தேன். நாம் பிறந்தது முதல் தரையில் உட்கார்ந்தவர்கள். இந்தப் பிள்ளைகளோ பள்ளியில் பெஞ்சிலும் வீட்டில் நாற்காலியிலும் வளர்ந்தவர்கள். சம்மணமிட்டால் இவர்களுடைய முழங்கால்கள் தரையில் படியாமல் இடுப்பைவிட உயரத்தில் நிற்கின்றன. அப்போது இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்ந்து, முதுகு வில்லாக வளைந்து, வயிறு மடிந்துவிடுகிறது. மூச்சு உள்ளே வரும்போது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். அது இறங்கினால் குடல் முதலியவை முன்னும் பக்கவாட்டிலும் ஒதுங்க வேண்டும். அவை ஒதுங்க வேண்டிய இடத்தையே மடித்து வைத்துக்கொண்டு, காற்றைத் திணி என்றால், பிள்ளை தோளைத் தூக்காமல் வேறு என்ன செய்யும்?

மறுநாள் பழைய ஜமுக்காளம் ஒன்றை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்து, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை அதன் விளிம்பில் உட்கார வைத்தேன். மடிப்பு உட்காரும் இடத்துக்கு மட்டும்; கால்கள் பாயில். முழங்கால்கள் தாமாகவே தாழ்ந்தன. முதுகைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தேன், சட்டையின் கீழ்ப் பித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவனிடம் அசைந்ததெல்லாம் மேல் பித்தான்தான். பாரி நாயனத்தைக் கையில் கொடுத்ததும் பழைய கோணல் திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் திமிரி என்ற குட்டை நாயனத்தின் இடத்துக்கு வந்த அந்த நீண்ட குழலின் அடித்துளைக்குச் சின்ன விரல் எட்டாமல், ஒரு தோள் சாய்ந்துவிட்டது. ஆகவே அவன் இன்னும் ஓராண்டு குட்டையான குழலிலேயே ஊதட்டும் என்று விட்டிருக்கிறேன். அவன் தகப்பனாருக்கு இதில் வருத்தம்தான்.

இருக்கை சரியான பிறகும் நான் மூச்சை இழுக்கச் சொல்வதில்லை, விடத்தான் சொல்கிறேன். சும்மா இருக்கும்போது நாம் ஒரு மூச்சில் மாற்றிக்கொள்வது ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. வளர்ந்த ஆண் ஒருவர் முழுமூச்சு இழுத்துவிட்டால் நான்கு லிட்டருக்கு மேல் வெளியேற்ற முடியும். ஆகவே பெரும்பாலும் குறைவது கையிருப்பு அன்று, செலவுதான் தாறுமாறு. உன் மாணவியும் பாட்டு வரியை மாற்றிப் பாடும் சங்கதியின் முதல் எழுத்திலேயே பாதி மூச்சைக் கொட்டிவிடுகிறாளா என்று கவனித்துப் பார். 'ஸ்' என்று சீராக விட்டபடி மனத்துக்குள் எண்ணச் சொல்; எண்ணிக்கை முக்கியமில்லை, ஒலி தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். முடிந்ததும் வயிற்றைத் தளர விட்டால் காற்று தானே உள்ளே வரும்.

நம் காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நாயனத்துக்குச் சுருதி கூட்டும் துணைக்குழலான ஒத்தை ஊதிய அந்த நாட்கள் வேறு எதற்கு? நீ பாட்டு கற்கப் போய்த் தப்பித்தாய். நான் ஓராண்டு முழுக்கக் கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சு வாங்கி, ஒரே சுருதியை அறாமல் பிடித்தேன். விரலுக்கு வேலையே இல்லாத அந்த ஓராண்டு முழுவதும் மூச்சுக்கான பாடம். இன்று சுருதிப் பெட்டியும் கைப்பேசியும் அந்த வேலையைச் செய்வதால் பாடமும் போய்விட்டது. 'ஒத்து ஊதுகிறான்' என்ற வசவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. போன பாடத்துக்கு ஈடாகப் பிள்ளைகளிடம் பப்பாளி இலைக் காம்பைக் கொடுத்து, சொம்புத் தண்ணீரில் குமிழி அறாமல் ஊதச் சொல்கிறேன். காம்பைப் பால் போகக் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லையேல் உதடு எரியும், எனக்கு எரிந்தது. நாயனக்காரனுக்கான பயிற்சி இது, உன் மாணவிக்கு வேண்டாம்.

அந்த நாளில் ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று 'ஆ' என்று அகாரம் பிடித்ததும் அப்படி ஒரு மூச்சுப் பாடம்தான். நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் அழுத்துவதால் உள்மூச்சுக்கு உழைக்க வேண்டியிருக்கும். உடலின் பாரத்தையோ ஆறு தாங்கிக்கொள்ளும், விறைத்து நிற்கத் தேவையில்லை. ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத ஆற்றில் இன்று ஒரு பிள்ளையையும் இறக்க மாட்டேன்.

கழுத்துவலிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கு. டாஸ்மேனியாவில் 1869இல் பிறந்த பிரெடெரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் என்பவர் மேடைகளில் கவிதை ஒப்பிப்பவர். குரல் அடிக்கடி கம்மிப்போக, மருந்தாலும் ஓய்வாலும் பயனில்லாமல், கண்ணாடிகளின் முன் நின்று தம்மையே கவனித்தார். பேசத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் 'ஹா' என்று காற்றை விழுங்குவதைக் கண்டுபிடித்தார். இந்தப் பழக்கத்தைத் திருத்த அவர் வகுத்த முறை இன்று அவர் பெயராலேயே இசைக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. உன் மாணவியைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, மேல் ஷட்ஜத்துக்கு அரை நொடி முன்னால் மோவாய் என்ன செய்கிறது என்று பார். சுரம் பிறக்கும் முன்பே மோவாய் ஏறினால், வலி அங்கேதான் இருக்கிறது.

பிராணாயாம வகுப்புக்கு அனுப்பலாமா என்றும் கேட்டாய். மனம் அடங்குவதற்கு நல்லதுதான், அனுப்பு. ஆனால் பாடுபவளுக்கு அருதியில், அதாவது வரி நிற்கும் இடத்தில், கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்; அதற்குள் சத்தமில்லாமல் காற்றை வாங்கும் பழக்கத்தை உன் வீட்டுப் பாயில்தான் அவள் பெற வேண்டும். கும்பகம் என்று மூச்சை அடைத்து நிறுத்தி, அதே இறுக்கத்தைத் தொண்டைக்கும் கொண்டுவந்துவிட்ட இருவரை நான் திருத்த வேண்டியிருந்தது.

ஆவணி பிறந்ததும் ஒரு நாள் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வா. காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல். பாட்டு முடிந்தபின் இட்லி சாப்பிடலாம். ஜமுக்காளத்தை மடித்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய ஒத்துக்காரன்.