அம்மாவின் கண்ணைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆஸ்பத்திரி, வீடு, மயிலாப்பூர் பூக்கடை என்று ஓடியதில் மூன்று மாதம் தள்ளிப்போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வலது கண் பிதுங்க ஆரம்பித்தபோது, முதலில் காட்டிய இடத்தில் சொட்டு மருந்து கொடுத்தே ஐந்து மாதம் ஓட்டிவிட்டார்கள். சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான், சைனஸிலிருந்து, அதாவது மூக்கை ஒட்டிய காற்றறையிலிருந்து, வளர்ந்த கட்டி கண்குழியின் தரையை அரித்திருப்பது தெரிந்தது. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டியோடு அந்த எலும்பையும் எடுக்கணும், எடுத்த இடத்தை அப்படியே விட்டால் கண் கீழே இறங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும் என்றார்கள்.

டாக்டர் ஐயா, இடது கண்குழியின் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு, அதே அளவில் பிளாஸ்டிக்கில் ஒரு மாடல் செய்து, எலும்புக்குப் பதிலாக வைக்கும் டைட்டானியம் வலையை அதன் மேல் வைத்து முன்கூட்டியே வளைத்து வைத்தீர்கள். ஏழு எலும்பு சேர்ந்ததுதான் ஒரு கண்குழி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மாடலை அம்மா கையிலேயே கொடுத்தீர்கள். அந்தக் குழிக்குள் கட்டைவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதுவரை ஆபரேஷனே வேண்டாம் என்றவர், அப்புறம் மறுபேச்சு பேசவில்லை.

ராத்திரி டியூட்டி சிஸ்டர், நீங்கள் மணிக்கொரு தடவை டார்ச் அடித்து "எத்தனை விரல்மா?" என்று கேட்டபோது, தூங்க விடுங்களேன் என்று சிடுசிடுத்தேன். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடும் என்று பிறகுதான் புரிந்தது. இன்னும் உறுத்துகிறது, சிஸ்டர்.

காப்பீட்டு அட்டைக்காக ஒருநாள் சவாரியை விட்டுவிட்டு என்னோடு கலெக்டர் ஆபீசில் நின்ற ஆட்டோ அண்ணா, ரத்தம் கொடுக்க பஸ் ஏறி வந்த தம்பிகள், உங்களை மறக்க மாட்டோம்.

பக்கத்துக் கடை அக்கா, மார்கழியில் உங்கள் வியாபாரத்துக்கே கை போதாது, அதிலும் எங்கள் கடையை ஒருநாள்கூட மூட விடவில்லை. மூக்கைச் சிந்தினால் காற்று கண்குழிக்குள் போய்விடும், சிந்தவே கூடாது என்று டாக்டர் சொன்னதை, தினமும் போனில் அம்மாவுக்கு ஞாபகப்படுத்தியதும் நீங்கள்தான்.

ஆபரேஷன் முடிந்தும் சில வாரம் அம்மாவுக்கு வாழைநார் இரண்டாகத்தான் தெரிந்தது, முடிச்சு தப்பிக்கொண்டே இருந்தது. போன வெள்ளிக்கிழமை நாலு முழம் மல்லி கட்டிவிட்டு, "ஒரு நார்தான்டி தெரியுது" என்றார். கடையில்தான் இருக்கிறார், அந்தப் பக்கம் வந்தால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.