சாலை போடும் முன் குழாயை ஒருமுறை பாருங்கள்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அரசுப் பள்ளியிலிருந்து நூலகம் வழியாகச் சுகாதார நிலையம் வரை ஃபைபர் கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோக முடிவெடுத்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததைப் பார்த்த நமக்கு, கம்பத்தில் கட்டிய கேபிள் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மதிப்பீட்டில் 1 அங்குல பி.வி.சி. குழாய் என்று போட்டிருக்கிறது. அதை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

அது வீட்டு வயரிங்குக்கு ஆகும் குழாய். 3 மீட்டர் துண்டுகளாக வருவது. நம் 600 மீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தட்ட 200 இடங்களில் பசை தடவி ஒட்ட வேண்டும். ஏதாவது ஒரு ஒட்டு விட்டால் போதும், ஐப்பசி மழையில் ஊற்று மேலே வரும்போது தண்ணீரோடு மணலும் உள்ளே போய்விடும். தண்ணீரை வெளிப்புறக் கேபிள் தாங்கிக்கொள்ளும். மணல் இறுகிவிட்டால் பழைய கேபிளை உருவவும் முடியாது, புதியதை நுழைக்கவும் முடியாது. நான் கேபிள் இழுக்கும் வேலைக்குப் போன ஓர் ஊரில் இதே கதைதான். இரண்டு நாள் போராடிவிட்டு, போட்டு ஒரு வருடம்கூட ஆகாத சிமென்ட் சாலையை உடைத்தோம். அந்தத் தெருக்காரர்கள் பார்த்த பார்வை இன்னும் மனசில் நிற்கிறது.

போர்வெல்லுக்கு இறக்கும் கறுப்பு ஹோஸ் எல்லோருக்கும் தெரியும். அதே எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் இனத்தில் கேபிளுக்கென்றே டக்ட் என்ற குழாய் வருகிறது: வெளிவிட்டம் 40 மி.மீ., உள்விட்டம் 33. சுருளாக வருவதால் ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும், இணைப்பு விரல்விட்டு எண்ணும் அளவுதான். உட்சுவரில் நிரந்தர வழவழப்புப் பூச்சு இருப்பதால் கேபிள் தடையில்லாமல் ஓடும்.

நூலக முனையில் எல்போ, அதாவது சட்டென்று திரும்பும் முழங்கைத் துண்டு, வைக்க விடாதீர்கள். 12 மி.மீ. கேபிளை இழுக்கும்போது வளைவின் ஆரம் அதன் விட்டத்தைப் போல 20 மடங்காவது, அதாவது 24 செ.மீ. இருக்க வேண்டும். எல்போவில் திருப்பினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை நொந்துவிடும். டக்டையே அகலமாக வளைத்துக்கொண்டு போகலாம், அல்லது அங்கே ஒரு சேம்பர், அதாவது மூடி போட்ட சின்னத் தொட்டி, கட்டலாம்.

அப்புறம், இரண்டு டக்டாகப் போடுங்கள். ஒன்று காலியாக, பின்னால் கேபிள் இழுக்க உள்ளே கயிறோடு, இரு முனையும் அடைத்துக் கிடக்கட்டும். செலவில் பெரும்பகுதி குழி வெட்டி மூடுவதற்குத்தான். கூட ஒரு செம்புக் கம்பியும் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குழாயைச் சாதாரணக் கேபிள் தேடும் கருவி மண்ணுக்குள் கண்டுபிடிக்காது. மேலே எச்சரிக்கை நாடா. ஆழம் ஒரு மீட்டருக்குக் குறைய வேண்டாம், குறைந்தால் குடிநீர் இணைப்புக்குத் தோண்டுபவரின் கடப்பாரை பட்டுவிடும்.

பேவர் பிளாக் வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டில் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். குழி வெட்டும் அன்று டேப்போடு வந்து நிற்க நான் தயார், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கேபிள் வேலை செய்யும் உங்கள் ஊர்க்காரன்