தீனி போடப் போகும்போது என்ஜின் சத்தம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் பக்கம் கடலில் மீன் வளர்க்கக் கூண்டு போட்டிருப்பவர்கள் கவனிக்கவும்.

தீனி கொண்டுபோகும் வள்ளங்கள் சில, என்ஜினை அணைக்காமலே கூண்டை ஒட்டி நிற்கின்றன. அப்போது மீன் கூட்டமாக அடியில் இறங்கி நெருக்கியடித்துச் சுற்றுகிறது. நறுக்கிப் போட்ட சாளை வாய் படாமலே வலைக்குக் கீழே போய்விடுகிறது. சாளை விற்கிற விலைக்கு இது தேவையா?

தண்ணீரில் சத்தம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். அதிலும் என்ஜினின் தாழ்ந்த உறுமல்தான் மீனுக்கு நன்றாகக் கேட்கும். வெளியே இருக்கும் மீன் விலகிப் போய்விடும், கூண்டு மீன் எங்கே போகும்? நாம் வளர்க்கும் கடல் விராலுக்கு (கோபியா) நெட்டி, அதாவது சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் காற்றுப்பை, கிடையாது என்பது உண்மைதான். அதற்காகச் சத்தம் உறைக்காது என்று நினைக்க வேண்டாம். உள்காதில் இருக்கும் காதுக்கல் அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியக் கொடுவாவைத் தொட்டியில் வைத்துத் தாழ்ந்த ஒலிகளைக் கேட்க வைத்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. மீன்கள் கூடுதலாக அலைந்தன, தசை கடுமையாக உழைக்கும்போது சேரும் லாக்டேட் ரத்தத்தில் ஏறியது. சதை போடவேண்டிய தீனி இப்படி அலைச்சலில் கரைகிறது.

அதனால் கூண்டுக்குச் சற்று முன்பே என்ஜினை அணைத்துத் துடுப்பு போட்டு வாருங்கள். காற்றும் நீரோட்டமும் பலமான நாளில் முடியாது, சரி, மெதுவாக ஓட்டி வாருங்கள். ஒரே சீரான சத்தத்துக்கு மீன் ஓரளவு பழகிவிடும். திடீரென்று ரேஸ் கொடுத்தால்தான் அரளும். புதிதாகக் குஞ்சு விட்ட கூண்டுப் பக்கம் இன்னும் நிதானம் வேண்டும்.

அப்புறம், யார் கூண்டில் தீனி மிஞ்சுகிறது, எந்த நேரத்தில் என்று குழுவில் போடுங்கள். குரல் பதிவு போதும்.