குறும்பட விழாவுக்கு ஓர் இருட்டான கூடம் வேண்டும்: கலை அருங்காட்சியக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இளையோர் குறும்பட விழா கீழ்த்தளக் கூடத்திலிருந்து மேற்குப் பக்க நடைக்கூடத்துக்கு மாற்றப்பட்ட கதையைத் தங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பட்டு, நகை விற்பனைக் கண்காட்சிக்குக் கூடத்தை வாடகைக்கு விட்ட தீர்மானமும், விழாவுக்கு முந்தைய வாரம் எங்கள் கைக்கு வந்த இடமாற்றக் கடிதமும் தங்களுடையவையே. எங்கள் முறையீட்டுக்கு அனுப்பிய பதிலில், ‘தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்கள்’ என்றும், ‘மாற்று இடம் அளிக்கப்பட்டதால் விழாவுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை’ என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். நிர்வாகக் காரணங்களை நிர்வாகமே அறியும். அதில் எனக்கு வழக்கில்லை. பாதிப்பு ஏதும் இல்லை என்ற வரிக்காகவே இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று மாலை மூன்று மணிக்குத் திரையிடப்பட்ட ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி எடுத்தது. பூ வியாபாரம் செய்யும் தன் தாய் பின்னிரவில் எழுந்து சந்தைக்குப் போய், சரக்கெடுத்துக்கொண்டு விடிவதற்குள் திரும்பி வருவதை அவள் கைப்பேசியில் பதிவுசெய்திருந்தாள். தெருவிளக்கு, ஷேர் ஆட்டோவின் முன்விளக்கு, சந்தைக் கடையில் தொங்கும் ஒற்றை பல்பு ஆகியவற்றைத் தவிர அந்தப் படத்தில் வேறு வெளிச்சம் கிடையாது. பயிற்சிப் பட்டறையில் விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் பார்த்தபோது, பல்பின் கீழே அந்தத் தாயின் கைகள் மட்டும் தெரியும் காட்சியில் யாரும் பேசவில்லை.

நடைக்கூடத்தில் அந்தக் கைகளை எவரும் பார்க்கவில்லை. புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், கருப்பை வீச முடியாது. திரையில் நாம் காணும் கருப்பு, வெளிச்சம் படாமல் விடப்பட்ட வெள்ளைத் துணியே. அந்தத் துணியின் மேல் சன்னல் வழியாக மேற்கு வெயில் நேராக விழும்போது, இரவுக் காட்சி முழுவதும் வெளிறிப்போய் வெறும் சாம்பல் நிறமாக நிற்கிறது. நாங்கள் போர்வைகளைக் கட்டிப் பார்த்தோம். காற்றில் அவை நின்ற நேரத்தைவிடப் பறந்த நேரமே அதிகம். படம் பாதி ஓடிய பிறகும் பின்வரிசையில் ஒரு பெரியவர், “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, “இப்ப அம்மா கூடையைத் தூக்குறாங்க, இப்ப ஆட்டோவுல ஏறுறாங்க” என்று தன் படத்தைத் தானே வாயால் சொல்லி முடித்தாள். மாலை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாய், தன்னைப் பற்றிய படத்தைக் காதால் கேட்டுவிட்டுப் போனார். பாதிப்பு ஏதும் இல்லை என்று எழுதியவர் அன்று அந்தப் பக்கம் வந்திருந்தால், அந்த வரியை எழுத அவருக்கே கை கூசியிருக்கும் என்று நம்புகிறேன்.

வெளிச்சத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் இதே கட்டடத்தின் மேல்தளத்தில் நீர்வண்ண ஓவியங்களுக்கும் பழந்துணிகளுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்ற அருங்காட்சியக நெறியைத் தாங்கள் கண்ணுங்கருத்துமாகக் கடைப்பிடிக்கிறீர்கள். சன்னல்களுக்குத் தடித்த கருந்திரைகள், குறைத்து எரியும் விளக்குகள், ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பவரை அதட்டுவதற்கு ஒரு காவலர் என எல்லாம் அங்கே இருக்கின்றன. வெயில் பட்டால் ஓவியம் கெடும் என்பதை அறிந்த நிர்வாகத்துக்கு, வெயில் பட்டால் திரைப்படம் இல்லாமலே போய்விடும் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

எங்கள் கோரிக்கை சிறியது. ஆண்டுக்கொருமுறை நடக்கும் இளையோர் குறும்பட விழாவுக்கும், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைத் திரையிடலுக்கும், இருட்டாக்கக்கூடிய அந்தக் கீழ்த்தளக் கூடத்தை எங்களுக்கு உறுதிசெய்து தர வேண்டும். தந்த தேதியை இடையில் மாற்றக்கூடாது.

கலை அருங்காட்சியகத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆட்சிக்குழுவில் கேள்வி எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929இல் திறக்கப்பட்டு, 1935லேயே தனக்கென ஒரு திரைப்பட நூலகத்தை ஏற்படுத்திக்கொண்டது. ஐரிஸ் பாரி என்ற பெண்மணி அதன் பொறுப்பை ஏற்று, வீணாகிக்கொண்டிருந்த மௌனப் படங்களைத் தேடிச் சேர்த்தார். அந்தக் கேள்வி அங்கே தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அவ்வளவு தூரம் போக மனமில்லையென்றால், திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டை நினைத்துக்கொள்ளலாம். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டியவர் அவர். படம் பார்க்க வந்தவருக்கு முதலில் இருட்டைத் தர வேண்டும் என்று அந்தக் கூடாரக்காரருக்குத் தெரிந்திருந்தது.

சொல்லப்போனால் இது தங்கள் ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமில்லை. திரைக்கதை எழுதியவர்களும் திரையில் நடித்தவர்களும் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த மாநிலம் இது. நட்சத்திரத்தின் படம் வெளியாகும் நாளில் கட்அவுட்டுக்குப் பால் கிடைக்கிறது, முதல் காட்சிக்குக் கூட்டம் கிடைக்கிறது. பிள்ளைகள் எடுத்த ஏழு நிமிடப் படத்துக்கு ஒரு கதவு சாத்திய அறை கிடைப்பதில்லை. குழந்தைகளின் படங்களுக்கென்றே 1955இல் தொடங்கிய இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கத்தையும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதே 2022இல் நம் பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படத் திரையிடல்களைத் தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே படம் பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசவும் எழுதவும் பழகிய பிள்ளைகள்தாம் இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களை வரவேற்கக் கழிப்பறைக்குப் போகும் நடைக்கூடத்தை ஒதுக்கிய பெருந்தன்மைக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வருமானம் இல்லாமல் அருங்காட்சியகம் நடக்காது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மின்கட்டணமும் காவலர் சம்பளமும் காற்றிலிருந்து வருவதில்லை. விற்பனைக் கண்காட்சிகளுக்கு வெளிச்சம் நல்லது, பார்க்கப்போனால் அவசியமும்கூட. பட்டின் நிறத்தை வெயிலில் பார்த்து வாங்குவதுதானே வழக்கம். சன்னல்கள் நிறைந்த நடைக்கூடத்தை அவர்களுக்கும், சன்னலே இல்லாத கூடத்தை எங்களுக்கும் தந்திருந்தால் இருவரும் வாழ்த்தியிருப்போம். இந்த எளிய கணக்கை யாரேனும் ஒருவர் போட்டுப் பார்த்திருக்கலாம்.

தேதியை மாற்றக்கூடாது என்று வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களைத் திரையிட முடியாது என்று தங்கள் அலுவலகம் இம்முறை புதிதாக ஓர் ஆட்சேபத்தையும் எழுப்பியது. விழாக்களில் காட்டப்படும் படங்களுக்குச் சான்றிதழிலிருந்து விலக்களிக்க ஒளிப்பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான விண்ணப்பம் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போக வேண்டும். விழா எப்போது, எங்கே, என்னென்ன படங்கள், அவற்றின் கதைச்சுருக்கம் என்ன என்பதையெல்லாம் இணைத்து முன்கூட்டியே அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது. அதை எழுதி அலையும் வேலையை நாங்களே செய்துகொள்கிறோம். ஆனால் எங்கே, எப்போது என்ற இரண்டு கட்டங்களையும் தங்கள் கடிதம் இல்லாமல் நாங்கள் நிரப்ப முடியாது. கடைசி வாரத்தில் இடம் மாறினால் வாங்கிய விலக்கும் கேள்விக்குள்ளாகும்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விழாவை அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் வைக்க எண்ணியிருக்கிறோம். பிள்ளைகள் வெளியூர்களிலிருந்து வருவதற்கும் அதுவே ஏற்ற காலம். அந்த விடுமுறையில் இரண்டு நாள்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, கீழ்த்தளக் கூடம் எங்களுக்கு என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். ‘அடுத்த அறிவிப்பு வரும்வரை’ நிறுத்திவைக்கப்பட்டுள்ள சனிக்கிழமைத் திரையிடல்களுக்கும் அந்த அடுத்த அறிவிப்பைத் தயவுசெய்து வெளியிடுங்கள். கூடம் தர இயலாது என்பதுதான் முடிவென்றால், அதையும் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ஏதேனும் ஒரு பள்ளியின் கூட்ட அறையைக் கேட்டு நாங்கள் இப்போதே அலையத் தொடங்குவோம்.

கூடம் கிடைத்தால் அங்கே முதல் திரையிடலாக, பூச்சந்தையைப் பற்றிய அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை போட அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவியிடமும் அவளுடைய தாயிடமும் பேசிவிட்டேன். வருவதற்கு இருவருக்கும் சம்மதம். ஆட்சிக்குழுவினரும் அன்று வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இளையோர் குறும்பட விழாவின் தன்னார்வலர்களுள் ஒருவர்