ஆன் ஆகாத செல்போனும் ஆபத்தே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய செல்போனுக்குப் பிளாஸ்டிக் குடமும் வாளியும் தரும் வியாபாரிகள் தெருத்தெருவாக வருகிறார்கள். திரை நொறுங்கியது, சார்ஜ் ஏறாதது என எதையும் அவர்கள் தள்ளுவதில்லை. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் ராமகுண்டத்தில், கிராமங்களில் இவ்வாறு சேகரிக்கப்பட்ட சுமார் 4,000 செல்போன்களைப் பறிமுதல் செய்த காவல்துறை, அவை சைபர் மோசடிக் கும்பல்களுக்காக வாங்கப்பட்டவை என்று அறிவித்தது. அப்படியிருந்தும், ‘ஓடாத போன்தானே’ என்று சிம் கார்டைக்கூடக் கழற்றாமல் கொடுத்துவிடுகிறோம்.

மெமரி கார்டிலோ கணினியின் ஹார்டு டிஸ்க்கிலோ ஒரு கோப்பை ‘டெலீட்’ செய்தால், அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, அங்கே வேறொன்று பதியும் வரை ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் படமும் அப்படியே இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே அவற்றை வெளியே எடுத்துவிடும். ஹார்டு டிஸ்க் முழுவதையும் ஒரு முறை மேலெழுதினால், அதாவது பழைய பதிவுகளின் மேல் வேறு தகவலைப் பதித்து நிரப்பினால் போதும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிய கணினிகளில் வரும் சிப் வகைச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.க்கு அந்த முறை பொருந்தாது. அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

அண்மைக்கால செல்போன்களில் தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டே (சாவி இன்றிப் படிக்க முடியாத வடிவில்) சேமிக்கப்படுவதால், போனை வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுசெல்லும் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்ததும் அவற்றைத் திறக்கும் சாவி அழிந்து, மிஞ்சுவது யாருக்கும் பயன்படாது. ஆனால் மெமரி கார்டை நாம்தான் தனியே கழற்ற வேண்டும். திரை மட்டும் பழுதான போனுக்கு, செலவைப் பாராமல், பழுதுபார்ப்பவரிடம் தற்காலிகத் திரை பொருத்தச் செய்து, நம் கண்ணெதிரே அதிலுள்ள தகவல்களை அழித்துவிடுவதே நல்லது.

தொலைந்த போனின் கதை வேறு. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் அளித்தால், ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் முடக்கப்படும், அதனால் அந்தப் போன் இந்திய செல்போன் நெட்வொர்க்குகளில் இயங்காதே ஒழிய, உள்ளிருக்கும் படங்கள் அழியா. அவற்றை அழிக்க கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் வழியாகத் தொலைவிலிருந்து கட்டளை அனுப்ப வேண்டும், அதுவும் போன் இணையத்தில் இணையும்போதுதான் நிறைவேறும். பழைய எண்ணுக்கே மாற்று சிம் வாங்குவதையும், வங்கிக்குத் தெரிவிப்பதையும் அதுவரை தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் மாற்று சிம் வாங்கும் வரை ஓ.டி.பி. வந்து சேரும் இடம் தொலைந்த போனிலுள்ள சிம்தான்.

பழைய போனை எடுத்துக்கொள்ளும் கடைகளும், உள்ளாட்சிகளின் மின்கழிவு சேகரிப்பு மையங்களும், உரிமையாளர் முன்னிலையில் தகவல்களை அழித்து அதை ரசீதில் குறிப்பிட வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட வேண்டும். அதுவரை தங்கள் இதழாவது இந்த வழிமுறைகளைப் படங்களுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.