அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள்: பிடிஎம் மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: உரிமையாளர், ஜவ்வரிசி ஆலை இயந்திரப் பட்டறை, சேலம்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், சென்னை

பொருள்: முடங்கிக் கிடக்கும் டிராயிங்கும், உங்கள் ஆள் பேசிய பேச்சும்

ஐயா, வணக்கம்.

உங்கள் சப்போர்ட் நம்பருக்குப் போன் செய்து, மெயில் அனுப்பி, டிக்கெட் போட்டு, அதை நீங்களே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடி, நான் மறுபடி போட்டு, அலுத்துப் போய்த்தான் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

பிரச்சினை உங்களுக்குத் தெரியாததல்ல, டிராயிங் ஃபைல்களையும் அவற்றின் திருத்தங்களையும் கணக்கு வைக்கும் பிடிஎம் உங்கள் சரக்குதானே. கிழங்கை அரைக்கும் ராஸ்பர் மிஷினின் டிரம் ஷாஃப்ட் டிராயிங்கில் கடைசியாகத் திருத்திய சி ரிவிஷன் ஒப்புதல் கட்டத்தில் நிற்கிறது. இன்ஸ்டால் செய்ய வந்த உங்கள் ஆள் ஒப்புதல் உரிமையை எங்கள் டிசைனர் லாகினுக்கு மட்டும் வைத்தார். “எனக்கும் வையுங்கள்” என்று அன்றே கேட்டேன். “அப்புறம் மாற்றித் தருகிறேன் சார்” என்றார். டிசைனர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் லாகினில் போனால் பாஸ்வேர்டு காலாவதி, அட்மினைப் பாருங்கள் என்கிறது. அட்மின் பாஸ்வேர்டோ உங்களிடம். பாதுகாப்புக்காகவாம். யாரிடமிருந்து பாதுகாப்பு, என்னிடமிருந்தா?

ஷாப் கம்ப்யூட்டரில் ஒப்புதல் ஆன ரிவிஷன் மட்டும்தான் தெரியும். அதனால் லேத்காரர் பழைய பி ரிவிஷனைப் பிரிண்ட் எடுத்தார். பேரிங் உட்காரும் இடம் பி-யில் 60 மி.மீ., சி-யில் 65. கடைந்து 60-க்குக் கொண்டுவந்த ஷாஃப்ட்டை 65 ஆக்க முடியுமா? மொத்தமும் ஸ்கிராப். கிழங்கு சீசனில் ஆத்தூர் ஆலைக்காரர் ராஸ்பர் இல்லாமல் நிற்கிறார். இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் ஒரே ஷாஃப்ட்டில் போய்விட்டது. லட்சக்கணக்கில் நஷ்டம் என்று தயங்காமல் சொல்வேன்.

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். உங்கள் சப்போர்ட் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? “ஜவ்வரிசி மிஷினுக்கெல்லாம் பிடிஎம் எதுக்கு சார்? பென்டிரைவ்ல போட்டு வெச்சுக்கலாமே” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. விற்கும்போது இது தெரியவில்லையா? “சின்னப் பட்டறைக்கென்றே செய்தது, பட்ஜெட்டுக்கு அடங்கும்” என்று டெமோ காட்டியது யார்?

பென்டிரைவில் வைத்துப் பார்த்துச் சலித்துத்தான் உங்களிடம் வந்தேன். நாங்கள் டிசைன் போடும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் பார்ட், அசெம்பிளி, டிராயிங் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஃபோல்டரில் போய் ஒரு பார்ட்டின் பெயரை மாற்றினால் போதும், அசெம்பிளி அதைக் காணோம் என்று தேடும். சாலிட்வொர்க்ஸின் புரொஃபஷனல் பதிப்போடு அவர்களுடைய பிடிஎம் ஸ்டாண்டர்டே வரும். எங்களிடம் இருப்பது அதற்குக் கீழே உள்ள பதிப்பு. மேலே போகக் காசில்லாமல்தான் உங்களுடையது மலிவு என்று எடுத்தேன்.

மலிவு! பிடிஎம்முக்கு வேண்டிய டேட்டாபேஸ் மென்பொருளாக எஸ்க்யூஎல் சர்வர் 2022 எக்ஸ்பிரஸ் இலவசம், அதுவே போதும் என்றீர்கள். இப்போது 10 ஜிபி வரம்பு நிரம்பிவிடும், காசு கொடுத்து ஸ்டாண்டர்டு வாங்குங்கள் என்று கொட்டேஷன் வருகிறது, 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அந்த 10 ஜிபி வரம்பு டேட்டாபேஸுக்கு மட்டும்தான். அதில் இருப்பது பார்ட் நம்பர், ரிவிஷன், யார் எப்போது மாற்றினார்கள் என்ற கணக்கு. டிராயிங் ஃபைல்கள் சர்வரில் தனி ஃபோல்டரில் கிடக்கின்றன, நானே திறந்து பார்த்தேன். இதை நானா உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்?

கோயம்புத்தூர் கதையையும் கேளுங்கள். ரிமோட்டில் கனெக்ட் ஆகவில்லை, சிபியூவை எடுத்து வாருங்கள் என்றீர்கள். போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார், அது வேறு. உங்கள் அலுவலகத்தில் என்ஜினியர் லீவு. வரச் சொன்னவருக்கு அது தெரியாதாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட செக்யூரிட்டிக்கு மட்டும் நன்றி.

உங்கள் மென்பொருள் மோசம் என்று சொல்லவில்லை. ஓடும்போது நன்றாகவே ஓடியது. தயவுசெய்து 15 நாட்களுக்குள் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ரிவிஷன் வரலாறோடு எல்லா ஃபைல்களையும் வெளியே எடுத்துத் தாருங்கள். இந்த வருஷப் பராமரிப்புக்கு வாங்கிய ஏஎம்சி தொகையைத் திருப்பித் தாருங்கள். ஸ்கிராப் ஆன ஷாஃப்ட்டுக்கு உண்டான பணத்தையும்தான்.

இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிகத்துக்கு வாங்கியது என்று நழுவப் பார்க்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நான் இருக்கும் ஊரிலேயே வழக்கும் போடலாம். உங்கள் ஆட்கள்தான் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

சிரித்த அந்த சப்போர்ட் ஆளே எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பாஸ்வேர்டையும் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், சேலம்