மூன்றாவது வீட்டு முகவர்

தொழில் வழிகாட்டல் நாள் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பதினாறு ஆண்டுகளாக நிகழ்ச்சி முடிந்தபின் நாற்காலி அடுக்குபவன். நடந்தது என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே என் மகனும் மகளும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசவிருந்ததை நீக்கிவிட்டதாக வியாழக்கிழமை இரவு வந்த மின்னஞ்சலைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. சனிக்கிழமை காலை மண்டப வாசலில் நின்று பார்த்தபோது, அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் என் மகன், மகள் இருவருடைய பெயருக்கும் மேலே வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவருக்கு அவசரம் போலும். 'வீடியோ கேம்' என்பதில் 'கேம்' மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்களுக்கென்று வைத்திருந்த நாற்பது நிமிடத்தில் வீட்டு விற்பனை முகவர் ஒருவர் பேசினார். அன்று பேசிய மூன்றாவது வீட்டு முகவர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, என் வீட்டையே அவர்தான் வாங்கித் தந்தார். ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளரும் பிள்ளைக்கு அப்படி ஒரு தொழில் இருப்பதைச் சொல்ல மேடை தேவையில்லை. ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்திலும் அவர்களுடைய படங்கள்தானே சிரித்துக்கொண்டிருக்கின்றன.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த நிகழ்வில் அந்த நாற்பது நிமிடத்தை என் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாருங்கள்.

மகனை நீக்கியதற்கு நீங்கள் எழுதிய காரணம், 'பெற்றோர் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து மீட்கப் போராடும்போது இது தவறான செய்தியாகிவிடும்' என்பது. அந்தக் கவலை பொய்யில்லை. என் வீட்டிலும் இரவு இரண்டு மணிக்கு வயரைப் பிடுங்கியிருக்கிறேன். ஆனால் அவன் பதினொரு ஆண்டுகளாகச் செய்வது விளையாடும் வேலை இல்லை, ஐயா, வீடியோ கேம்களை உருவாக்கும் வேலை. திரையில் ஒரு பாத்திரம் படியேறும்போது கால் அந்தரத்தில் மிதக்காமல் படியில் பதியவேண்டும் என்பதற்காக மூன்று வாரம் கோணங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பில் 'இந்தத் திரிகோண கணிதம் எதற்கு?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. 2009இல் யூபிசொப்ட் என்ற வீடியோ கேம் நிறுவனம் ரொறன்ரோவுக்கு வருவதற்காக ஒன்ராறியோ அரசு பத்தாண்டுகளில் 263 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தது. அரசுக்குத் தொழிலாகத் தெரிந்தது நமக்கு இன்னும் விளையாட்டாகவே தெரிகிறது. இதே ரொறன்ரோவில், ஒரு தமிழ்த் தாயின் சமையலை வைத்து ஒரு சிறு குழு செய்த 'வெண்பா' என்ற வீடியோ கேம் 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருது வாங்கியது. அந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோம்! செய்தவர்கள் மண்டபத்துக்கு வந்திருந்தால் அவர்களுக்கும் வெள்ளைத்தாள்தானா?

அவன் இனிப்பாக மட்டும் பேசுபவனும் இல்லை. வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் தூக்கம் இல்லாத இரவுகளையும், 2023இல் உலகமெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் துறையில் வேலை இழந்ததையும், அவர்களில் தானும் ஒருவன் என்பதையும் சொல்லவே குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

மகளுக்கு நீங்கள் எழுதிய காரணம் ஒற்றை வரி: 'சிலருடைய நம்பிக்கைகள் புண்படக்கூடும்.' யாருடைய நம்பிக்கை என்று அறிய ஆவல். அவள் கோயிலையோ தேவாலயத்தையோ பற்றிப் பேச வரவில்லை. ஒருவருடைய சம்பளம், தூக்கம், நண்பர்கள், தாய்க்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பு வரை அனைத்தையும் தம் கைக்குள் வைத்திருக்கும் குழுக்களிலிருந்து வெளியேறியவர்களுக்கு அவள் உளச்சிகிச்சை அளிக்கிறாள். சாமியின் பெயரிலும் அப்படி நடக்கும், தன்னம்பிக்கைப் பயிற்சியின் பெயரிலும் நடக்கும், வியாபாரத்தின் பெயரிலும் நடக்கும். முதுகலைப் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, ஒன்ராறியோவில் 2015 முதல் சட்டப்படி நடைமுறையில் உள்ள பதிவு, எல்லாம் முடித்துத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எழுபதுகளில் அமெரிக்காவில் பிள்ளைகளைக் கடத்தி அறையில் பூட்டி 'மனதை மாற்றிய' காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்தாலே அவளுக்குக் கோபம் வரும். 'வெளியே வா' என்று கூட அவள் சொல்வதில்லை, கேள்வி கேட்பதோடு சரி. வெளியே வந்த பலர் கடையில் இரண்டு பற்பசைகளுக்கு முன்னால் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்று அழுவார்களாம். யார் என்று அவள் எனக்கும் சொல்லமாட்டாள்.

இது அந்நியர்களின் பிரச்சினை என்று நினைத்தால், 1994 முதல் 1997 வரை 'சூரியக் கோயில்' என்ற குழுவில் 74 பேர் இறந்ததை நினைவூட்டுகிறேன். சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் மட்டுமல்ல, பக்கத்து மாகாணமான கியூபெக்கிலும்.

இனி, என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த விடயம். உங்கள் நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள், பலசரக்குக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். அன்று மண்டபத்தில் இருந்தவர். யார் என்று தேடாதீர்கள், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தள்ளுவண்டியில் பால் சூடேறிக்கொண்டிருந்தது. அவர் பேச்சைத் தொடங்கவில்லை. பிறகு, சொந்தக்காரர் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொல்லி என் மகளின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொந்தக்காரர் 'என் பிள்ளை' ஆனார். பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒரு குழுவிடம் கொடுத்துவிட்டானாம். ஏழு மாதமாக அம்மா என்று அழைக்கவில்லையாம். கேட்டால் தேவாலயத்தில் என்ன சொல்வார்களோ, சொந்தங்கள் என்ன சொல்வார்களோ என்று ஏழு மாதமும் வாய் திறக்கவில்லை. பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அதை நான்காய் மடித்துக் கைப்பையின் உள்பையில் வைத்துச் சங்கிலியை இழுத்து மூடினார்.

அந்த எண் மூன்று நாள் முன்னரே உங்கள் மேடைத் திரையில் இருந்திருக்கும். இருட்டில் உட்கார்ந்தபடி, யாரிடமும் கேட்காமல், அவர் குறித்துக்கொண்டிருப்பார்.

புண்படுவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு இதே மேடையில் 'நீங்களே உங்கள் முதலாளி' என்ற தலைப்பில் ஒருவருக்கு முப்பத்தைந்து நிமிடம் கொடுத்தீர்கள். ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்தால் வருமானம் என்றார். சந்தேகப்படும் நண்பர்களை விட்டு விலகச் சொன்னார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் அவர் சொல்வதை எண்ணிட்டுக் குறித்துக்கொண்டே இருந்தாள். அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினோம். மடித்துக் கொடுத்தவன் நான்தான்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ கலியாண வீடுகளில் மகனை 'கம்ப்யூட்டர் என்ஜினியர்' என்றும் மகளை 'ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை' என்றும் சொல்லித் தப்பியவன் நான். அந்த வெள்ளைத்தாளை உங்களுக்கு முன்னரே ஒட்டியவன். அதனால் உங்கள்மேல் முழுக் கோபம் கொள்ளவும் எனக்கு உரிமை போதவில்லை.

இருவரும் சேர்ந்தே பேசத் திட்டமிட்டிருந்தார்கள். காசு கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சில விளையாட்டுகளில் வைப்பார்கள். பெல்ஜியம் அவற்றை 2018இலேயே சூதாட்டம் என்றது. எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் காத்திருக்க வைக்கும் அந்த உத்தியைத் தம்பி எந்திரத்தின் உள்ளிருந்து விளக்குவான். அதே உத்தியை ஒரு குழுத் தலைவர் பாராட்டையும் மௌனத்தையும் வைத்து எப்படிச் செய்வார் என்று அக்கா சொல்வாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருவரும் இதைப் பற்றிச் சண்டை பிடிக்கும்போது கறி ஆறிப்போகும். இரவெல்லாம் கைபேசியோடு இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள நாற்பது நிமிடத்தை வேறு எங்கே தேடப்போகிறீர்கள்?

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: அடுத்த நிகழ்வில் அந்த நாற்பது நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள். நாற்பது முடியாவிட்டால் முப்பது. பெயர்களை இம்முறை அச்சிலேயே விட்டுவிடுங்கள். இருவருக்கும் சனிக்கிழமைகள் ஓய்வு. திரைக்கான வயரை மகனே கொண்டுவருவான், மண்டபத்து வயர் பழுது என்பது உங்களுக்கும் தெரியும்.

பதில் எதுவானாலும் நாற்காலி அடுக்க வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மண்டபத்துத் தொண்டர் ஒருவர்
ஸ்காபரோ